பூட்டு இருக்கு... சாவி யார்கிட்ட? கிளவுடில் ஆவணங்களைப் பகிரும் முன் ஒரு நிமிஷம்!

திண்டுக்கல்லில் பூட்டு வாங்கப் போனால் விலை கேட்பதற்கு முன்பே பெரியவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். “சாவி எத்தனை?” ரெண்டு என்று கடைக்காரர் சொன்னால், ரெண்டையும் வாங்கிப் போட்டுத் திருகிப் பார்த்துவிட்டுத்தான் பணத்தை எடுப்பார்கள். பூட்டு எவ்வளவு கனம், எத்தனை லீவர் என்பதெல்லாம் அப்புறம். சாவி எத்தனை, அது யார் யார் கையில் இருக்கும் என்பதுதான் முதல் கணக்கு.

இதே கேள்வியை நம்முடைய கூகுள் டிரைவ் ஃபோல்டரைப் பார்த்து நாம் கேட்டிருக்கிறோமா? நான் கேட்டதில்லை. மூன்று வருஷத்துக்கு முன்பு எங்கள் வீட்டு லோனுக்காக ஒரு ஃபோல்டர் உருவாக்கினேன். அப்பாவின் ஆதார், பான் கார்டு, வீட்டுப் பத்திரம், தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, என் பே ஸ்லிப், ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட் என எல்லாம் அதற்குள். “லிங்க் அனுப்புங்க மேடம்” என்றார் லோன் ஏஜென்ட். ‘லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்’ என்று வைத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். லோன் வந்தது, வீட்டு வேலையும் முடிந்தது, ஃபோல்டரை மறந்தேபோனேன்.

போன மாதம் வேறு ஏதோ தேடும்போது அந்தப் பழைய சாட் கண்ணில் பட்டது. பிரவுசரில் இன்காக்னிட்டோ விண்டோ திறந்து, எந்தக் கணக்கிலும் லாகின் செய்யாமல் அந்த லிங்க்கைப் போட்டேன். அப்பாவின் ஆதாரும் வீட்டுப் பத்திரமும் அப்படியே திறந்தன. மூன்று வருஷமாக அந்த லிங்க் யார் யார் ஃபோனுக்குப் போனதோ, எந்த பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரில் பதிவாகிக் கிடக்கிறதோ, எனக்குத் தெரியாது.

இதில் கூகுள் மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. அது பூட்டு கொடுத்தது. சாவியை வாசலிலேயே தொங்கவிட்டது நான்தான். உங்களிடமும் அப்படி ஒரு ஃபோல்டர் இருக்க வாய்ப்பு அதிகம். அதற்காகத்தான் இந்த விளக்கம்.

கிளவுடில் ஏற்கெனவே என்க்ரிப்ஷன் இருக்கிறதே?

இருக்கிறது. கூகுள் டிரைவ், ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் போன்ற பெரிய சேவைகள் எல்லாமே நம் ஃபைலை இரண்டு இடங்களில் பூட்டுகின்றன. உங்கள் ஃபோனிலிருந்து அவர்களுடைய சர்வருக்குப் போகும் வழியில் ஒரு பூட்டு; சர்வரில் போய்ச் சேர்ந்தபின் அங்கே இன்னொரு பூட்டு. பஸ் ஸ்டாண்டு இலவச வைஃபையில் நீங்கள் ஃபைல் ஏற்றினாலும் பக்கத்து சீட்டில் இருப்பவர் அதை எட்டிப் பார்க்க முடியாது. டேட்டா சென்டரில் இருந்து ஒரு ஹார்டு டிஸ்க்கைத் திருடிக்கொண்டு போனாலும் அதற்குள் இருப்பது புரியாத எழுத்துக் குவியல்தான்.

ஆனால் இந்த இரண்டு பூட்டுகளுக்கும் சாவி அந்த நிறுவனத்திடம் இருக்கிறது. லாட்ஜ் ரூம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். ரூம் சாவி உங்கள் பையில் இருக்கும். ரிசப்ஷனில் இன்னொன்று தொங்கும். பெரும்பாலும் அதனால் பிரச்சினை வருவதில்லை. சாவியைத் தொலைத்துவிட்டால் ‘ஃபர்கெட் பாஸ்வேர்டு’ அழுத்தி உள்ளே போக முடிவதே அந்த இரண்டாவது சாவி இருப்பதால்தான். ஆனால் நீதிமன்ற ஆணை வந்தால், நிறுவனத்துக்குள் யாராவது தப்பு செய்தால், அல்லது உங்கள் கணக்கின் பாஸ்வேர்டு வேறு யாருக்காவது கிடைத்தால், ரூம் திறக்கும்.

இன்னொரு வகையும் உண்டு. பேங்க் லாக்கர். வங்கியின் சாவி மட்டும் போட்டால் திறக்காது. உங்கள் சாவியும் வேண்டும். லாக்கருக்குள் என்ன இருக்கிறது என்று மேனேஜருக்கே தெரியாது. கிளவுடில் இதற்குப் பெயர் ‘எண்ட்-டு-எண்ட் என்க்ரிப்ஷன்’. ஃபைல் உங்கள் ஃபோனிலேயே பூட்டப்பட்டுத்தான் சர்வருக்குப் போகும். சாவி உங்களிடமும், நீங்கள் விரும்பிக் கொடுத்தவரிடமும் மட்டும். நடுவில் இருக்கும் நிறுவனம் பெட்டியைச் சுமக்கும், திறக்க முடியாது.

ஆக, “இந்த ஆப்பில் என்க்ரிப்ஷன் இருக்கா?” என்பது பாதிக் கேள்விதான். “சாவி எத்தனை, யார்கிட்ட?” என்பதுதான் முழுக் கேள்வி.

அப்படியென்றால் என்க்ரிப்ஷன் உள்ளே என்னதான் நடக்கிறது?

திண்டுக்கல் பூட்டை வைத்தே சொல்லலாம். நாகல் நகர், நல்லாம்பட்டி, குரும்பப்பட்டி, யாகப்பன்பட்டி பக்கம் தலைமுறைகளாகக் கையாலேயே பூட்டு செய்கிறார்கள். 2019 ஆகஸ்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மாங்காய் வடிவத்தில் இருக்கும் மாங்காய்ப் பூட்டைப் பல வீடுகளில் பார்த்திருப்பீர்கள். உள்ளே லீவர் எப்படி அடுக்கப்படுகிறது என்பது ஒன்றும் ஊர் அறியாத ரகசியமில்லை. பட்டறையில் போய் நின்றால் கண்ணெதிரே செய்கிறார்கள். ஆனாலும் உங்கள் வீட்டுப் பூட்டை அவர்கள் நினைத்தவுடன் திறந்துவிட முடியாது. ஏனென்றால் பாதுகாப்பு இருப்பது பூட்டின் அமைப்பில் இல்லை, உங்கள் சாவியின் வெட்டில்.

1883-இல் அகுஸ்ட் கெர்க்காஃப்ஸ் என்ற மொழியியலாளர் ராணுவ ரகசியக் குறியீடுகளைப் பற்றி எழுதும்போது இதே விதியைத்தான் சொன்னார். உன் கருவி எதிரியின் கையில் சிக்கினாலும் பரவாயில்லை, சாவி மட்டும் சிக்காமல் இருந்தால் போதும் என்று இருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. இன்றைய என்க்ரிப்ஷன் முழுக்க இந்த விதியின் மேல்தான் நிற்கிறது.

இன்று உலகம் முழுக்கப் பயன்படும் பூட்டின் பெயர் ஏஇஎஸ். பெல்ஜியத்தைச் சேர்ந்த இருவர் வடிவமைத்தார்கள். திறந்த போட்டியில் உலக நிபுணர்கள் எல்லாம் உடைக்க முயன்று பார்த்தபின், 2001-இல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் அதை அதிகாரப்பூர்வ தரமாக அறிவித்தது. அது எப்படி வேலை செய்கிறது என்பதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஆனால் ஏஇஎஸ்-256 பூட்டுக்கு இருக்கக்கூடிய சாவிகளின் எண்ணிக்கையை எழுதினால் அது 78 இலக்க எண். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத் திறப்பது என்பது நடக்கிற காரியமே இல்லை.

அதனால்தான் திருடர்கள் பூட்டை உடைக்க முயல்வதில்லை. சாவியைத் தேடுகிறார்கள்.

சாவியை எப்படி அனுப்புவது?

இங்கேதான் உண்மையான சிக்கல். பத்திரத்தை ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டி, சென்னையில் இருக்கும் அக்காவுக்கு பார்சல் அனுப்புகிறீர்கள். அக்கா திறக்க வேண்டுமே, சாவி? அதையும் அதே பார்சலில் ஒட்டி அனுப்பினால் பூட்டியதற்கு அர்த்தமே இல்லை. நம்மில் பலர் செய்வது அதுதான். பாஸ்வேர்டு போட்ட பிடிஎஃப்பை மெயிலில் அனுப்பிவிட்டு, அதே மெயிலில் கீழேயே “பாஸ்வேர்டு இதுதான்” என்று எழுதுகிறோம்.

நூற்றாண்டுகளாக ராணுவங்களுக்கும் தூதரகங்களுக்கும் இருந்த தலைவலி இது. 1976-இல் விட்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மேன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் புது வழியைச் சொன்னார்கள். அடுத்த வருஷமே எம்ஐடியைச் சேர்ந்த ரிவெஸ்ட், ஷமிர், ஆடில்மேன் மூவரும் அதற்கு வடிவம் கொடுத்தார்கள். மூவர் பெயரின் முதல் எழுத்துகள்தான் ஆர்எஸ்ஏ.

யோசனை இதுதான். பூட்டுகளில் ரெண்டு வகை உண்டு. ஒன்று, பூட்டுவதற்கும் சாவி போட்டுத் திருப்ப வேண்டும், திறப்பதற்கும் அதே சாவி. இன்னொன்று, சாவி இல்லாமலேயே அழுத்தினால் ‘டக்’கென்று பூட்டிக்கொள்ளும், திறக்க மட்டும்தான் சாவி. ஏஇஎஸ் முதல் வகை. ஆர்எஸ்ஏ ரெண்டாவது வகை.

இப்போது அக்கா என்ன செய்கிறார்? ரெண்டாவது வகைப் பூட்டு ஒன்றை வாங்கி, திறந்த நிலையில் உங்களுக்கு அனுப்புகிறார். சாவி அவர் பீரோவிலேயே இருக்கிறது. நீங்கள் பெட்டியில் பத்திரத்தை வைத்து, அக்காவின் பூட்டை அழுத்தி மூடி அனுப்புகிறீர்கள. மூடியபிறகு உங்களாலேயே திறக்க முடியாது. அக்காவால் மட்டும்தான் முடியும். சாவி ஊர்ப் பயணமே போகவில்லை! அந்தத் திறந்த பூட்டுக்குப் பெயர் பொதுச் சாவி. பீரோவில் இருப்பது தனிச் சாவி.

எண்ட்-டு-எண்ட் கிளவுடில் பகிரும்போது இரண்டு வகையும் சேர்ந்து வேலை செய்கின்றன. உங்கள் ஃபைல் ஏஇஎஸ் பூட்டால் பூட்டப்படும். அந்தச் சாவியை ஒரு குட்டிப் பெட்டியில் வைத்து, அக்காவின் அழுத்துப் பூட்டால் மூடி, பக்கத்திலேயே வைத்துவிடும். தம்பிக்கும் பகிர வேண்டுமா? முழு ஃபைலையும் மறுபடி பூட்ட வேண்டாம். தம்பியின் பூட்டு போட்ட இன்னொரு குட்டிப் பெட்டி போதும். இவ்வளவும் நீங்கள் ‘ஷேர்’ பட்டனைத் தொட்டதும் நொடியில் முடிந்துவிடும்.

இதில் ரெண்டு இடத்தில் கவனம் வேண்டும்.

ஒன்று, வந்து சேர்ந்த திறந்த பூட்டு உண்மையிலேயே அக்கா அனுப்பியதுதானா? நடுவில் ஒருவர் தன் பூட்டை மாற்றி வைத்தால், நீங்கள் அவருக்காகப் பூட்டிக் கொடுத்துவிடுவீர்கள். இதைச் சரிபார்க்கத்தான் வாட்ஸ்அப்பில் ஒவ்வொரு காண்டாக்ட்டுக்கும் 60 இலக்கப் பாதுகாப்பு எண் இருக்கிறது. இருவர் ஃபோனிலும் அது ஒன்றாக இருக்கிறதா என்று நேரில் பார்க்கும்போது ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

ரெண்டு, ஒருவரைப் பட்டியலில் இருந்து நீக்குவது. வாடகைக்கு இருந்தவர் வீட்டைக் காலி செய்து சாவியைத் திருப்பிக் கொடுத்தாலும், வெவரமான வீட்டுக்காரர் பூட்டையே மாற்றிவிடுவார். டூப்ளிகேட் எடுத்திருக்க மாட்டார் என்று என்ன நிச்சயம்? கிளவுடிலும் அப்படித்தான். ஏற்கெனவே டவுன்லோடு செய்துவிட்ட ஃபைலை எந்த என்க்ரிப்ஷனாலும் திரும்ப வாங்க முடியாது. புதிதாக வைக்கப்போகும் ஃபைல்களை மட்டும்தான் காப்பாற்றலாம்.

நம்ம ஊரில் இதெல்லாம் நடக்குமா?

நடந்திருக்கிறது. தமிழ்நாட்டு ரேஷன் கார்டு தரவுகள் சுமார் 49 லட்சம் பேருடையது இணையத்தில் கசிந்ததாக 2021-இல் பெங்களூரைச் சேர்ந்த சைபர் பாதுகாப்பு நிறுவனமான டெக்னிசாங்க்ட் தெரிவித்தது. ஆதார் எண், குடும்பத்தினர் விவரம், மொபைல் எண் எல்லாம் அதில் இருந்ததாக அந்த நிறுவனம் சொன்னது. பாஸ்வேர்டு போனால் மாற்றிக்கொள்ளலாம். ஆதார் எண்ணையும் பிறந்த தேதியையும் எப்படி மாற்றுவது?

2022 டிசம்பரில், தமிழ்நாட்டு மருத்துவமனை ஒன்றின் சுமார் 1.5 லட்சம் நோயாளிகளின் விவரங்கள் விற்பனைக்கு வந்திருப்பதாக கிளவுட்செக் நிறுவனம் கண்டுபிடித்தது. மருத்துவமனையின் பூட்டை யாரும் உடைக்கவில்லை. அதற்கு மென்பொருள் வேலை செய்துகொடுத்த வெளி நிறுவனம் வழியாகத் தரவு போயிருக்கிறது. நீங்கள் சாவி கொடுத்தவர் இன்னொருவருக்குக் கொடுத்த கதை.

2024 மே மாதம் தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாள மென்பொருள் தளத்துக்குள் வெளியாட்கள் நுழைந்த செய்தி வந்தது. காவல்துறை தந்த விளக்கத்தின்படி, அட்மின் கணக்கு ஒன்றின் பாஸ்வேர்டு வேறு கைக்குப் போயிருந்தது. இங்கேயும் உடைந்தது பூட்டு இல்லை.

‘சாவி நிலைப்படி மேல’ பிரச்சினை

ஊரில் பல வீடுகளில் பூட்டிவிட்டுச் சாவியை நிலைப்படி மேலோ, பூந்தொட்டிக்கு அடியிலோ வைத்துவிட்டுப் போவார்கள். தெருவில் எல்லோருக்கும் அந்த இடம் தெரியும். டிஜிட்டலில் இதற்கு நல்ல உதாரணம், நாம் டவுன்லோடு செய்யும் இ-ஆதார் பிடிஎஃப்.

அது பூட்டிய ஃபைல்தான். ஆனால் பாஸ்வேர்டு எப்படி அமைகிறது? பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்து, அதோடு பிறந்த வருஷம். இந்த முறை ஊருக்கே தெரியும். உங்கள் பெயர் தெரிந்தவருக்குப் பாதி பாஸ்வேர்டு கிடைத்த மாதிரிதான். பிறந்த வருஷம் தெரியாவிட்டாலும் நூறு முயற்சிக்குள் கிடைத்துவிடும். வங்கி அனுப்பும் ஸ்டேட்மென்ட்டுகள் பலவற்றின் பாஸ்வேர்டும் பிறந்த தேதியை ஒட்டியதுதான். ஆகவே “பிடிஎஃப்புக்குத்தான் பாஸ்வேர்டு இருக்கே” என்று அதை அப்படியே கிளவுடில் வைத்துப் பகிர்ந்தால், அது நிலைப்படி மேல் சாவி வைத்த வீடு.

பாஸ்வேர்டு எவ்வளவு முக்கியம் என்பதற்கு உலக அளவில் ஒரு பாடம் உண்டு. பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் லாஸ்ட்பாஸ் நிறுவனத்தின் கிளவுட் பேக்கப்பில் இருந்து வாடிக்கையாளர்களின் பெட்டகங்களின் நகலைத் திருடர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டதாக, 2022 டிசம்பரில் அந்த நிறுவனமே அறிவித்தது. உள்ளே இருந்த பாஸ்வேர்டுகள் என்க்ரிப்ட் செய்யப்பட்டவை. சாவி நிறுவனத்திடமே கிடையாது. ஆனால் பெட்டி திருடன் வீட்டுக்கே போய்விட்டால் அவனுக்கு நேரம் நிறைய இருக்கிறது. மூன்று முறை தப்பாகப் போட்டால் லாக் ஆகும் கதையெல்லாம் அங்கே கிடையாது. ராத்திரி பகலாக முயன்றுகொண்டே இருக்கலாம். நீளமான மாஸ்டர் பாஸ்வேர்டு வைத்தவருக்கும் ‘பெயர்@123’ என்று வைத்தவருக்கும் இருக்கும் வித்தியாசம் அன்றைக்குத்தான் தெரியும்.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சேஃப்தானே?

வாட்ஸ்அப் 2016 முதல் எண்ட்-டு-எண்ட் என்க்ரிப்ஷன் கொண்டது. போகும் வழியில் யாரும் படிக்க முடியாது. ஆனால் நம் சாட் எல்லாம் தினமும் ராத்திரி எங்கே பேக்கப் ஆகிறது? ஆண்ட்ராய்டு என்றால் கூகுள் கணக்குக்கு, ஐஃபோன் என்றால் ஐகிளவுடுக்கு. பேக்கப்புக்கும் எண்ட்-டு-எண்ட் பூட்டு போடும் வசதியை 2021-இல் வாட்ஸ்அப் கொண்டுவந்தது. அதை நாமாகத்தான் ஆன் செய்ய வேண்டும். செட்டிங்ஸில் சாட்ஸ், அதற்குள் சாட் பேக்கப் போய்ப் பாருங்கள்.

ஐஃபோன்காரர்களுக்கு இன்னொன்று. ஐகிளவுடில் உள்ள ஃபோட்டோ, ஃபைல், பேக்கப் எல்லாவற்றுக்கும் சாவியை உங்களிடமே கொடுக்கும் ‘அட்வான்ஸ்டு டேட்டா புரொடெக்‌ஷன்’ என்ற வசதி இருக்கிறது. இதையும் நாமே ஆன் செய்ய வேண்டும். 2025 பிப்ரவரியில் பிரிட்டன் அரசின் உத்தரவை அடுத்து, அந்த நாட்டில் மட்டும் ஆப்பிள் இந்த வசதியை விலக்கிக்கொண்டது. சாவி யாரிடம் என்பது அரசுகளும் மல்லுக்கட்டும் கேள்வி என்பது இதிலிருந்தே புரியும்.

‘எண்ட்-டு-எண்ட்’ என்று போர்டு வைத்திருந்தால் நம்பிவிடலாமா?

கண்ணை மூடிக்கொண்டு வேண்டாம். சுவிட்சர்லாந்தின் ஈடிஹெச் ஜூரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-இல், எண்ட்-டு-எண்ட் என்று விளம்பரம் செய்யும் ஐந்து கிளவுட் சேவைகளைப் பிரித்து மேய்ந்தார்கள். அதில் நான்கில், சர்வரைக் கைப்பற்றியவர் ஃபைலைத் திருத்தவோ படிக்கவோ வழிவிடும் கடுமையான குறைகள் இருந்தன. ஏஇஎஸ் பூட்டில் குறையில்லை. சாவிகளை எப்படி உருவாக்கி, எப்படிக் கைமாற்றுகிறார்கள் என்பதில்தான் குறை.

இதிலிருந்து எளிய முடிவு ஒன்று கிடைக்கிறது. முக்கியமான ஃபைலை நாமே நம் கம்ப்யூட்டரில் பூட்டிவிட்டு, அப்புறம் எந்தக் கிளவுடில் வேண்டுமானாலும் வைக்கலாம். அப்போது கிளவுட் நிறுவனத்தை நம்ப வேண்டிய அவசியமே குறைந்துவிடும்.

சரி, நான் என்ன செய்யணும்?

ஒன்று: தேவைக்கு மேல் கொடுக்காதீர்கள். அனுப்பாத ஃபைல் கசியாது. ஆதார் கேட்டால், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் ‘மாஸ்க்டு ஆதார்’ போதுமா என்று கேளுங்கள்; ஆதார் இணையதளத்திலேயே இலவசமாக எடுக்கலாம். நகல் அனுப்பியே ஆக வேண்டும் என்றால், எந்த வேலைக்காக, எந்தத் தேதியில் கொடுத்தது என்று அதன் குறுக்கே எழுதிவிடுங்கள்.

ரெண்டு: ‘லிங்க் உள்ள எவரும்’ வேண்டாம். டிரைவில் பகிரும்போது ‘ரெஸ்ட்ரிக்டட்’ வைத்து, பெறுபவரின் மெயில் ஐடியைச் சேர்த்துக் கொடுங்கள். லிங்க் பத்து பேருக்கு ஃபார்வர்டு ஆனாலும் மற்றவர்களுக்குத் திறக்காது. வேலை முடிந்ததும் பெயரை நீக்குங்கள். கேலண்டரில் ஒரு ரிமைண்டர் போட்டுவிட்டால் என்னைப் போல மறக்க மாட்டீர்கள்.

மூன்று: ஏற்றும் முன் பூட்டுங்கள். ஒரு முறை மட்டும் அனுப்பப்போகும் ஆவணங்கள் என்றால், கம்ப்யூட்டரில் செவன்-ஜிப் என்ற இலவச மென்பொருள் போதும். ஃபைல்களைத் தேர்ந்தெடுத்து, பாஸ்வேர்டு கொடுத்து, ஏஇஎஸ்-256 என்பதைத் தேர்வு செய்யுங்கள். செவன்-இசட் வடிவத்தில் சேமித்தால் ஃபைல் பெயர்களையும் மறைக்கும் வசதி உண்டு. ‘அப்பா_பத்திரம்’ என்ற பெயரே பல விஷயத்தைச் சொல்லிவிடும் அல்லவா? பழைய ஜிப் முறை பூட்டு பலவீனமானது, அதைத் தவிர்க்கவும்.

அடிக்கடி பயன்படுத்தும் ஃபோல்டர் என்றால் கிரிப்டோமேட்டர் போன்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் உதவும். உங்கள் டிரைவுக்குள்ளேயே ஒரு பெட்டகத்தை உருவாக்கும். உங்கள் கண்ணுக்குச் சாதாரண ஃபோல்டர். கூகுளின் கண்ணுக்குப் புரியாத பெயர்களும் புரியாத எழுத்துகளும் மட்டுமே.

நான்கு: சாவி வேறு வழியில் போகட்டும். ஃபைல் மெயிலில் போனால், பாஸ்வேர்டை ஃபோன் செய்து வாயால் சொல்லுங்கள். இந்த ஒரு பழக்கமே பாதி ஆபத்தைக் குறைத்துவிடும். ஒருவரின் மெயில் திருடுபோனாலும் பெட்டி மட்டும்தான் திருடனிடம் இருக்கும்.

ஐந்து: பாஸ்வேர்டு நீளமாக இருக்கட்டும். சம்பந்தமே இல்லாத ஐந்தாறு சொற்களைக் கோத்து ஆங்கில எழுத்தில் அடியுங்கள். தறி, பூசணி, சுண்ணாம்பு, ஒட்டகம், கண்ணாடி, ரயில் என்பது மாதிரி. இதையே எடுத்துப் போட வேண்டாம். இது இப்போது எல்லோரும் படித்துவிட்டது! சினிமாப் பாட்டு வரி, பிள்ளை பெயர், வண்டி நம்பரும் வேண்டாம்.

ஆறு: மணி கட்டுங்கள். சாவி போட்டுத் திருப்பினால் மணி அடிக்கும் பெல் பூட்டு திண்டுக்கல் பூட்டுகளில் பேர்போனது. உங்கள் மெயில் கணக்கில் இரண்டடுக்குச் சரிபார்ப்பையும், புது டிவைஸில் லாகின் ஆனால் வரும் எச்சரிக்கையையும் ஆன் செய்து வைத்தால், அதுதான் உங்கள் பெல் பூட்டு.

ஏழு: ஸ்பேர் சாவியை மறக்காதீர்கள். இதுதான் பலரும் கோட்டைவிடும் இடம். வீட்டுப் பூட்டின் சாவி தொலைந்தால் ஆளைக் கூப்பிட்டு உடைக்கலாம். ஏஇஎஸ் பூட்டை உடைக்க ஆள் கிடையாது. பாஸ்வேர்டு மறந்தால் ஃபைல் போனது போனதுதான். எந்தக் கஸ்டமர் கேரும் உதவ முடியாது. எனவே மாஸ்டர் பாஸ்வேர்டைத் தாளில் எழுதி, கவரில் போட்டு ஒட்டி, பத்திரங்கள் வைக்கும் பீரோவிலேயே வையுங்கள். வீட்டில் நம்பிக்கையான ஒருவருக்கு அந்தக் கவர் எங்கே இருக்கிறது என்று சொல்லி வையுங்கள். உங்களுக்கு ஒன்று ஆகிவிட்டால் இன்ஷூரன்ஸ் பேப்பரைத் திறக்க முடியாமல் குடும்பம் நிற்கக்கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

2023 ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நம் தரவை வாங்கி வைக்கும் நிறுவனங்கள் எடுக்க வேண்டிய பாதுகாப்பு நடவடிக்கைகளில் என்க்ரிப்ஷன், மறைத்துக் காட்டுதல் போன்றவற்றை விதிகள் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றன. பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும். நிறுவனங்கள் தயாராவதற்கு விதிகள் வெளியானதில் இருந்து 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது.

இன்னொரு பக்கம், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆம் பிரிவின்படி, நாட்டின் பாதுகாப்பு போன்ற குறிப்பிட்ட காரணங்களுக்காகப் பூட்டிய தகவலைத் திறந்துகொடுக்க உதவும்படி அரசு உத்தரவிடலாம். மறுத்தால் ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனை. நம் சொந்த ஆவணங்களை நாம் பூட்டி வைப்பதை இந்தப் பிரிவு தடுக்கவில்லை.

ஆனால் சட்டம் வந்து அபராதம் போடுவது, திருடு போனபிறகு. அதற்கு முந்தைய வேலை நம் கையில்.

பூட்டினால் எல்லாம் முடிந்ததா?

இல்லை. பெறுபவர் திறந்து தன் ஃபோனில் சேமித்தால், அங்கே அது பூட்டில்லாத ஃபைல்தான். அவர் பிரிண்ட் போட்டு மேஜை மேல் விட்டுவிட்டுப் போனாலோ, ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலோ, என்க்ரிப்ஷனால் ஒன்றும் செய்ய முடியாது. சாவி கொடுக்கும் ஆளைத் தேர்ந்தெடுக்கும் வேலையை எந்தக் கணிதமும் நமக்காகச் செய்யாது.

என் ஃபோல்டர் கதைக்கு வருகிறேன். லிங்க்கை மூடினேன். ஃபைல்களைப் பூட்டிப் புதிய பெட்டகத்தில் வைத்தேன். பிறகு அப்பாவுக்கு ஃபோன் செய்து, நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சரி பாப்பா, இப்போ பூட்டியாச்சுல்ல? சாவி எத்தனை?” என்று கேட்டார்.

“ரெண்டுப்பா. ஒண்ணு என்கிட்ட. இன்னொண்ணு கவர்ல போட்டு உங்க பீரோவுக்கு வருது.”

இன்று ராத்திரி பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். உங்கள் பழைய சாட்டுகளில் ‘டிரைவ்’ என்று தேடி, நீங்கள் அனுப்பிய லிங்க்குகளை இன்காக்னிட்டோவில் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். எது திறக்கிறதோ, அதுதான் இன்னும் சாவி வாசலில் தொங்கும் வீடு.